வஞ்சப்புகழ்ச்சியும் வாணிகமும்: அமெரிக்க அங்கதத் திரைப்படங்களில் இனமும் வர்க்கமும்

ஆய்வுச் சுருக்கம்

இனப் பாகுபாட்டைப் பேசும் திரைப்படங்கள் பொதுவாக வெறுப்பையே தம் பொருளாகக் கொள்கின்றன. கடந்த கால் நூற்றாண்டில் அமெரிக்கக் கறுப்பின இயக்குநர்கள் உருவாக்கிய அங்கதப் படங்கள் சில, வெறுப்பைக் காட்டிலும் பாராட்டையே ஐயத்துடன் நோக்குகின்றன. 'பாம்பூசில்டு' (2000), 'கெட் அவுட்' (2017), 'சாரி டு பாதர் யூ' (2018), 'அமெரிக்கன் ஃபிக்‌ஷன்' (2023) ஆகிய நான்கு படங்களில் கறுப்பினத்தவரின் முகம், உடல், குரல், கதை ஆகியன புகழப்படுகின்றன. அப்புகழ்ச்சியின் வழியே அவை விலைபேசப்படுகின்றன. தமிழ்ப் பொருளிலக்கணம் கூறும் அங்கதப் பாகுபாட்டைத் துணையாகக் கொண்டு, இப்படங்களில் இனமும் வர்க்கமும் இணைந்து செயற்படும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது. அங்கதமே சந்தைப் பண்டமாகும்போது எழும் சிக்கலையும் ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: அங்கதம், பழிகரப்பு, வஞ்சப்புகழ்ச்சி, இனம், வர்க்கம், மின்ஸ்ட்ரல் கூத்து, அமெரிக்கக் கறுப்பினத் திரைப்படம்

முன்னுரை

இனவெறியைத் திரையில் காட்டுவது எளிது. அது தன்னை இனவெறி என்று அறியாத நிலையில் அதனைக் காட்டுவதே அரிது. சவுக்கும் தூக்குக்கயிறும் வசைச்சொல்லும் திரையில் தோன்றும்போது, பார்வையாளர் தம்மை அக்கொடுமையிலிருந்து விலக்கிக்கொள்ள முடிகிறது. கொடியவர் வேறு, தாம் வேறு என்னும் ஆறுதல் அவருக்குக் கிடைத்துவிடுகிறது.

ஜோர்டன் பீல் இயக்கிய 'கெட் அவுட்' படத்தின் விருந்துக் காட்சி இந்த ஆறுதலைத் தருவதில்லை. கிறிஸ் என்னும் கறுப்பின இளைஞன், தன் வெள்ளையினக் காதலியின் பெற்றோர் வீட்டிற்கு வந்திருக்கிறான். விருந்தினர் எவரும் அவனை இழித்துப் பேசுவதில்லை. கோல்ப் விளையாட்டில் ஈடுபாடுள்ள முதியவர் தாம் டைகர் உட்சை அறிந்தவர் என்கிறார். ஒரு பெண்மணி அவன் கையைத் தொட்டுப் பார்த்து அதன் வலிமையை வியக்கிறார். இன்னொருவர் இக்காலத்தில் கறுப்பு நிறமே நாகரிகம் என்கிறார். சொற்கள் அனைத்தும் பாராட்டு. ஆயினும் அவை சந்தையில் மாட்டைத் தடவிப் பார்ப்போரின் சொற்கள் என்பது பின்னர் விளங்குகிறது.

பாராட்டு எவ்வாறு இழிவின் வடிவமாகிறது, அப்பாராட்டுக்குப் பின்னால் உள்ள பணம் யாருடையது, இவற்றை வெளிப்படுத்த அங்கதம் ஏன் தேவைப்படுகிறது என்னும் மூன்று வினாக்களை இக்கட்டுரை எழுப்புகிறது. மேற்கூறிய நான்கு படங்களே இதன் முதன்மைத் தரவுகள். முந்தைய படங்கள் பின்புலம் கருதிச் சுட்டப்படுகின்றன. அமெரிக்க இனப் பாகுபாட்டையும் இந்தியச் சாதி அமைப்பையும் ஒப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. அடிமை முறையில் வேரூன்றிய அமெரிக்க வரலாற்றுச் சூழலிலேயே இப்படங்கள் வைத்து நோக்கப்படுகின்றன.

அங்கதம்: கருவியும் பாகுபாடும்

தொல்காப்பியச் செய்யுளியல் அங்கதத்தைச் செம்பொருள் அங்கதம், பழிகரப்பு அங்கதம் என இரண்டாகப் பகுக்கிறது. முன்னது வெளிப்படையாகப் பழிப்பது. பின்னது பழியைச் சொல்லுக்குள் மறைத்துக் கூறுவது. அதியமானின் பொருட்டுத் தூது சென்ற ஒளவையார், தொண்டைமானின் படைக்கலங்களைப் புகழ்வது போலக் கூறி அவை போர் காணாதவை என்பதை உணர்த்திய புறநானூற்றுப் பாடல் (95), பழியை மறைத்துக் கூறும் முறைக்குத் தமிழ் மாணவர் அனைவரும் அறிந்த சான்று. பிற்காலத்தார் இதனை வஞ்சப்புகழ்ச்சி என்னும் பெயரால் வழங்குவர்.

இங்குக் கருதத்தக்கது ஒன்றுண்டு. ஒளவையாரின் புகழ்ச்சி, அரசனை நேரே பழிக்க இயலாத இடத்தில் நின்றவர் கையாண்ட கருவி. நான்கு படங்களிலும் காணப்படும் புகழ்ச்சியோ அதிகாரமும் பணமும் உடையோரின் கருவி. அங்கே சொல்லில் இருந்த வஞ்சம், இங்கே செயலில் இருக்கிறது. புகழ்பவர் தாம் உண்மையாகவே புகழ்வதாக நம்புகிறார். அந்நம்பிக்கையே அவரை ஆபத்தானவராக்குகிறது. இப்படங்களின் இயக்குநர்கள் அப்புகழ்ச்சியைப் பெரிதுபடுத்தி, அதன் முடிவு வரை நீட்டி, அதற்குள் உறையும் பழியை வெளிக்கொணர்கின்றனர். அதிகாரத்தின் வஞ்சப்புகழ்ச்சியை அங்கதத்தின் வஞ்சப்புகழ்ச்சி எதிர்கொள்கிறது எனலாம்.

வெளிப்படையான வெறுப்பை எதிர்க்கச் செம்பொருள் போதும். தன்னை நட்பு எனக் கருதிக்கொள்ளும் மேலாதிக்கத்தைச் செம்பொருளால் தொட இயலாது. அது தன்னைச் சுட்டுவதாகவே எண்ணாது. அதற்குப் பழிகரப்பே பொருந்தும்.

நகையின் பழைய அரங்கு

கறுப்பினத்தவரை நகைப்பொருளாக்கியதே அமெரிக்க மக்கள் கலையின் தொடக்கங்களுள் ஒன்று. 1830களில் தாமஸ் டார்ட்மத் ரைஸ் என்னும் வெள்ளையின நடிகர் முகத்தில் கரி பூசி, 'ஜிம் குரோ' என்னும் வேடத்தில் ஆடிப் புகழ்பெற்றார். 1843இல் 'வர்ஜீனியா மின்ஸ்ட்ரல்ஸ்' குழுவினர் நியூயார்க்கில் இதனை முழுநேர நிகழ்ச்சியாக்கினர். எரித்த தக்கையின் கரியைக் குழைத்துப் பூசி, உதடுகளைப் பெரிதாக வரைந்து, சோம்பலும் அறியாமையும் உடையோராகக் கறுப்பரை நடித்துக் காட்டிய இக்கூத்து, நாட்டின் விருப்பக் கலையாயிற்று. பின்னாளில் தென் மாநிலங்களில் நிலவிய இனப் பிரிவினைச் சட்டங்களுக்கு அவ்வேடத்தின் பெயரே வழங்கியது. நகைக்கும் சட்டத்திற்கும் இடையே இருந்த தொலைவு அவ்வளவு குறைவு. உள்நாட்டுப் போருக்குப் பின் கறுப்பினக் கலைஞர்களும் மேடையேற வேண்டுமாயின் தம் கறுப்பு முகத்தின் மேல் கரி பூசிக்கொள்ள நேர்ந்தது.

திரைப்படம் இம்மரபைக் கைவிடவில்லை. டி. டபிள்யூ. கிரிஃபித்தின் 'தி பர்த் ஆஃப் எ நேஷன்' (1915) படத்தில் முக்கியக் கறுப்பினப் பாத்திரங்களைக் கரி பூசிய வெள்ளையரே ஏற்றனர். பேசும் படக் காலத்தைத் தொடங்கிவைத்த 'தி ஜாஸ் சிங்கர்' (1927) படத்தின் நாயகன் அல் ஜோல்சனும் கரி முகத்துடன் பாடினார்.

1940ஆம் ஆண்டின் ஆஸ்கர் விழா இக்கட்டுரையின் பொருளுக்கு மிக நெருக்கமான நிகழ்வு. 'கான் வித் த விண்ட்' படத்தில் பணிப்பெண்ணாக நடித்த ஹாட்டி மெக்டேனியல், ஆஸ்கர் பெற்ற முதல் கறுப்பினக் கலைஞரானார். அன்று அவர் தம் படக்குழுவினருடன் அமர இயலவில்லை. அரங்கில் அவருக்குத் தனி மேசை ஒதுக்கப்பட்டிருந்தது. பாராட்டும் ஒதுக்கலும் ஒரே இரவில், ஒரே அரங்கில் நிகழ்ந்தன. அவ்விரண்டும் ஒன்றற்கொன்று முரணாக அங்கிருந்தோருக்குத் தோன்றவில்லை என்பதே கருதத்தக்கது.

இம்மரபை அங்கதத்தால் திருப்பித் தாக்கிய முன்னோடிகள் உளர். மெல்வின் வான் பீபிள்ஸ் இயக்கிய 'வாட்டர்மெலன் மேன்' (1970) படத்தில் காப்பீட்டு முகவனான வெள்ளையன் ஒருவன் ஒருநாள் கறுப்பனாக விழித்தெழுகிறான். அப்பாத்திரத்தைக் காட்ஃப்ரி கேம்பிரிட்ஜ் என்னும் கறுப்பின நடிகர் ஏற்றார். தொடக்கக் காட்சிகளில் அவர் முகத்தில் வெள்ளை பூசப்பட்டது. மின்ஸ்ட்ரல் கூத்தின் நேரெதிர் வடிவம் இது. முன்பு அவனை மதியாத அலுவலகப் பெண், நிறம் மாறிய பின் அவனை விரும்புகிறாள். அவ்விருப்பம் தன்மீதானது அன்று, தன் நிறத்தின் மீதானது என்பதை அவன் உணர்கிறான். ராபர்ட் டவுன்சென்டின் 'ஹாலிவுட் ஷஃபிள்' (1987), திருடனாகவும் அடிமையாகவும் மட்டுமே வாய்ப்புப் பெறும் கறுப்பின நடிகனின் நிலையை எள்ளியது. அப்படத்தின் செலவில் ஒரு பகுதியை அவர் தம் கடன் அட்டைகளால் ஈடுசெய்தார் என்பது, அங்கதம் எத்தகைய பொருளியல் நிலையிலிருந்து எழுந்தது என்பதைக் காட்டும்.

முகம்: 'பாம்பூசில்டு'

ஸ்பைக் லீ இயக்கிய 'பாம்பூசில்டு', அங்கதம் என்னும் சொல்லுக்கு அகராதி தரும் பொருளைக் கூறியே தொடங்குகிறது. கூறுபவன் பியர் டெலக்ரோயா. தொலைக்காட்சி நிறுவனம் ஒன்றின் ஒரே கறுப்பின எழுத்தாளன். ஹார்வர்டில் பயின்றவன். தன் இயற்பெயரையும் பேச்சுமுறையையும் மாற்றிக்கொண்டவன். அவனுடைய வெள்ளையின மேலாளர் டன்விட்டியின் அறைச் சுவர்களில் கறுப்பின விளையாட்டு வீரர்களின் படங்கள் தொங்குகின்றன. கறுப்பினப் பெண்ணை மணந்தவர் என்பதால், டெலக்ரோயாவைவிடத் தாமே கறுப்பர் என்று அவர் உரிமை கொண்டாடுகிறார். அவர் கறுப்பரை வெறுப்பவரல்லர். தம்மை அவர்களுடைய அன்பர் என்றே கருதுபவர்.

ஒப்பந்தத்திலிருந்து விடுபட எண்ணி, எவரும் ஏற்கவியலாத ஒரு நிகழ்ச்சியை டெலக்ரோயா முன்வைக்கிறான். பழைய மின்ஸ்ட்ரல் கூத்தைப் புதிய நூற்றாண்டில் மீண்டும் நடத்துவதே அது. தெருவில் ஆடிப் பிழைக்கும் மன்ரே, வோமாக் ஆகிய இருவரும் நடிகராகின்றனர். டெலக்ரோயாவின் எதிர்பார்ப்புக்கு மாறாக நிகழ்ச்சி பெருவெற்றி பெறுகிறது.

இப்படத்தின் உயிர்நிலை இரண்டு காட்சிகளில் உள்ளது. ஒன்று, ஒப்பனைக் காட்சி. தக்கையை எரிப்பதும் பொடிப்பதும் குழைப்பதும் முகத்தில் தடவுவதும் படிப்படியாகக் காட்டப்படுகின்றன. வேகமான கதைப்போக்கு இங்கு நின்றுவிடுகிறது. ஒரு மனித முகம் எவ்வாறு பண்டமாகச் செய்யப்படுகிறது என்பதைப் பார்வையாளர் பொறுமையுடன் காண நேர்கிறது. மற்றொன்று, பார்வையாளர் காட்சி. முதல் பதிவின்போது அரங்கிலுள்ளோர் திகைக்கின்றனர். சிரிக்கலாமா என்று பிறர் முகத்தைப் பார்த்துக்கொள்கின்றனர். நாளடைவில் தயக்கம் மறைகிறது. இறுதியில் அவர்களே கரி பூசிய முகத்துடன் வந்து அமர்கின்றனர். இழிவு, இரசனையாக மாறும் படிநிலைகள் இவை.

காட்சி முறையும் கவனிக்கத்தக்கது. கதையின் பெரும்பகுதி சிறிய எண்ணிமக் கருவிகளால் தெளிவு குறைந்த நிறங்களில் பதிவு செய்யப்பட்டது. மின்ஸ்ட்ரல் நிகழ்ச்சிப் பகுதிகள் மட்டும் படச்சுருளில் செறிவான நிறங்களுடன் எடுக்கப்பட்டன. வாழ்க்கை மங்கலாகவும் இழிவு அழகாகவும் தெரிகின்றன. அவ்வழகில் ஈடுபடும் தம் கண்களையே பார்வையாளர் ஐயுற வேண்டியுள்ளது.

உடல்: 'கெட் அவுட்'

'கெட் அவுட்' படத்தில் வரும் ஆர்மிடேஜ் குடும்பத்தினர் கல்வியும் செல்வமும் உடையோர். தந்தை மூளை அறுவை மருத்துவர். தாய் உளநல மருத்துவர். ஒபாமாவை மூன்றாம் முறையும் தேர்ந்தெடுக்க வாய்ப்பிருந்தால் வாக்களித்திருப்பேன் என்று தந்தை கிறிஸிடம் கூறுகிறார். பின்னர் வெளிப்படுவதோ வேறு. கறுப்பரின் உடலைக் கைப்பற்றி, அதில் முதிய வெள்ளையரின் மூளையைப் பொருத்துவது அக்குடும்பத்தின் தொழில். தாய் தேநீர்க் கோப்பையைக் கரண்டியால் சுழற்றி மனவசியம் செய்ய, உடலுக்கு உரியவனின் உணர்வு ஆழமான இருளுக்குள் அமிழ்த்தப்படுகிறது. அங்கிருந்து அவன் காணலாம், செயற்பட இயலாது.

அடிமைச் சந்தையின் வடிவத்தைப் பீல் நுட்பமாகப் புதுப்பிக்கிறார். விருந்தினர் பிங்கோ அட்டைகளை உயர்த்தி ஓசையின்றி ஏலம் கேட்கின்றனர். அருகில் கிறிஸின் புகைப்படம் நிறுத்தப்பட்டிருக்கிறது. கூச்சல் இல்லை, விலங்கு இல்லை, நாகரிகமே உள்ளது. ஏலத்தில் வெல்பவர் பார்வையற்ற ஓவிய வணிகர். தமக்கு நிறம் பொருட்டன்று, ஒளிப்படக் கலைஞனான கிறிஸின் கண்களே தமக்கு வேண்டும் என்கிறார் அவர். நிறம் பார்ப்பதில்லை என்னும் பெருமிதத்தை, நிறத்தைக் காணவே இயலாத ஒருவரிடம் ஒப்படைத்து, அவரையே கொடிய நுகர்வோராக்கியிருப்பது பழிகரப்பின் சிறந்த இடம். கிறிஸின் கலைத்திறனை அவர் மெய்யாகவே மதிக்கிறார். அம்மதிப்பே கிறிஸின் அழிவுக்குக் காரணமாகிறது.

வர்க்கக் கூறும் இப்படத்தில் மறைவாக இயங்குகிறது. குடும்பத்தின் பாட்டனும் பாட்டியும் கறுப்பின உடல்களில் வாழ்கின்றனர். பிறர் முன்னிலையில் அவர்கள் தோட்டக்காரனாகவும் பணிப்பெண்ணாகவும் தோன்றுகின்றனர். அவ்வீட்டில் கறுப்பின உடல் ஐயத்தைத் தூண்டாமல் நிற்கக்கூடிய இடம் ஏவலர் இடமே என்பதால், உரிமையாளரே அவ்வேடத்தைப் பூண வேண்டியுள்ளது. கறுப்பரின் வலிமையை வேண்டுவோரும் அவர்தம் சமூக இடத்தை மாற்ற எண்ணவில்லை.

தான் கட்டுண்டிருக்கும் நாற்காலியின் பஞ்சைப் பிய்த்துக் காதுகளில் அடைத்து, மனவசியத்திலிருந்து கிறிஸ் தப்புகிறான். முன்னோரை அடிமைப்படுத்திய பயிரே இங்கு விடுதலைக் கருவியாகிறது. படம் இதனை எச்சொல்லாலும் விளக்குவதில்லை.

குரல்: 'சாரி டு பாதர் யூ'

பூட்ஸ் ரைலி, 'தி கூ' என்னும் ஹிப் ஹாப் குழுவை வழிநடத்திய இசைக் கலைஞர், பொதுவுடைமைச் சிந்தனையாளர், தொலைபேசி வழி விற்பனைப் பணியில் இருந்தவர். அவருடைய முதல் படமான 'சாரி டு பாதர் யூ' ஓக்லாந்து நகரில் நிகழ்கிறது. வாடகை கொடுக்க இயலாமல் மாமனின் வண்டிக் கொட்டகையில் வாழும் கேஷியஸ் கிரீன், தொலைபேசி விற்பனை நிறுவனத்தில் சேர்கிறான். அவன் அழைக்கும்போதெல்லாம் மேசையோடு வாடிக்கையாளரின் வீட்டிற்குள் விழுவதாகக் காட்டப்படுகிறது. எவரும் அவனைக் கேட்பதில்லை. வெள்ளையர் குரலில் பேசுமாறு அனுபவமுள்ள கறுப்பின ஊழியர் ஒருவர் அறிவுறுத்துகிறார். அவர் தரும் விளக்கம் கூர்மையானது: அது வெள்ளையர் பேசும் குரலன்று, தாம் அவ்வாறு ஒலிக்க வேண்டும் என்று வெள்ளையரே விரும்பும் குரல். கடனும் கவலையும் அற்றவனின் குரல் அது. எனவே இங்கு 'வெள்ளை' என்பது நிறத்தைக் காட்டிலும் பொருளியல் பாதுகாப்பின் பெயராகிறது.

கேஷியஸ் வாய் திறக்கும்போது வெள்ளையின நடிகர் டேவிட் கிராஸின் குரல் ஒலிக்கிறது. உதட்டோடு முற்றிலும் பொருந்தாமல் ஒலிக்கும் அக்குரல், கரி பூசிய முகத்தின் மறுதலை. உடன் பணிபுரிவோர் தொழிற்சங்கம் அமைத்து வேலைநிறுத்தம் செய்யும்போது அவன் பொன்னிற மின்தூக்கியில் மேல்தளத்திற்கு உயர்கிறான். அங்கு அவன் விற்பது போர்க்கருவிகளையும் மனித உழைப்பையும். 'வொர்ரிஃப்ரீ' என்னும் நிறுவனம் உணவும் உறையுளும் தந்து வாழ்நாள் ஒப்பந்தத்தில் தொழிலாளரை அடைத்துவைக்கிறது.

அந்நிறுவனத் தலைவரின் விருந்தில் நிகழும் காட்சி 'கெட் அவுட்' விருந்துடன் ஒப்பிடத்தக்கது. கறுப்பன் என்பதால் ராப் பாடுமாறு கேஷியஸை வற்புறுத்துகின்றனர். பாட அறியாத அவன், கறுப்பரை இழிக்கும் வசைச்சொல்லையே மீண்டும் மீண்டும் உரக்கக் கூறுகிறான். கூட்டம் மகிழ்ந்து அவனோடு சேர்ந்து கூவுகிறது. கலையென்று அவர்கள் வேண்டியது எதுவென்று அக்காட்சி சொல்லிவிடுகிறது.

மனிதரைக் குதிரை மனிதராக மாற்றி மிகுதியாக உழைக்கச் செய்வது அந்நிறுவனத்தின் அடுத்த திட்டம். அவர்களுக்குள் போராட்டம் எழும் எனக் கருதி, மார்ட்டின் லூதர் கிங்கைப் போன்ற ஒரு தலைவனை முன்கூட்டியே விலைக்கு வாங்கிவைக்க விரும்பும் தலைவர், அப்பொறுப்பைக் கேஷியஸுக்கு அளிக்க முன்வருகிறார். எதிர்ப்பும் பண்டமாகலாம் என்னும் இக்கருத்தே ரைலியின் அங்கதத்தின் உச்சம். கேஷியஸ் உண்மையைத் தொலைக்காட்சியில் வெளிப்படுத்தும்போது மக்கள் கொதித்தெழவில்லை. நிறுவனத்தின் பங்கு விலை உயர்கிறது. உண்மை தெரிந்தால் அநீதி ஒழியும் என்னும் நம்பிக்கையை ரைலி ஏற்கவில்லை. மாற்றம் வேலைநிறுத்தத்திலும் குதிரை மனிதரோடு அமையும் கூட்டிலும்தான் தொடங்குகிறது.

கதை: 'அமெரிக்கன் ஃபிக்‌ஷன்'

பெர்சிவல் எவரெட்டின் 'இரேஷர்' (2001) என்னும் புதினத்தைத் தழுவிக் கார்டு ஜெஃபர்சன் இயக்கிய படம் இது. மங்க் என்று அழைக்கப்படும் தெலோனியஸ் எலிசன், பேராசிரியன்; விற்பனையாகாத செறிவான நூல்களின் ஆசிரியன். அவன் எழுத்தில் கறுப்பின வாழ்வு போதிய அளவு இல்லை எனப் பதிப்பகங்கள் மறுக்கின்றன. சினமுற்ற அவன், வறுமையும் குற்றமும் கொச்சை மொழியும் நிறைந்த ஒரு போலிக் கதையை, தப்பியோடிய குற்றவாளி எனப் புனைந்த பெயரில் எழுதி அனுப்புகிறான். எள்ளலாக அனுப்பியது உயர்ந்த இலக்கியமாகக் கொண்டாடப்படுகிறது.

இங்கும் வெறுப்பு இல்லை. நூலை வாங்குவோர் கறுப்பரின் துன்பத்தை அறிய விழைவோர். அத்துன்பத்தைப் படிப்பதால் தம் மனச்சான்று தூய்மையுறும் என நம்புவோர். பரிசு நடுவர் குழுவில் கறுப்பினத்தவர் இருவரும் அந்நூலை மறுக்கின்றனர். வெள்ளையர் மூவர் ஆதரிக்கின்றனர். கறுப்பரின் குரலுக்குச் செவிசாய்க்க வேண்டிய காலம் இது என்று கூறியே, எதிரில் இருக்கும் இரு கறுப்பரின் கருத்து வாக்கெடுப்பில் தள்ளப்படுகிறது. சொல்லுக்கும் செயலுக்கும் இடையிலான இம்முரணை இயக்குநர் சுட்டிக்காட்டாமல் விட்டுவிடுகிறார், பார்வையாளரே காண்கின்றனர்.

எனினும் மங்கும் அங்கதத்திற்குத் தப்புவதில்லை. அவன் மருத்துவர் குடும்பத்தில் பிறந்தவன், கடற்கரையில் அவர்களுக்கு வீடுண்டு, பணிப்பெண் உண்டு. வறிய கறுப்பரின் வாழ்வை அவன் அறிந்ததும் பிறர் நூல்கள், படங்கள் வழியேதான். அவன் இகழும் சின்டாரா கோல்டன் என்னும் எழுத்தாளரோ தம் நூலுக்காக மக்களை நேர்கண்டு தரவு திரட்டியவர். அந்நூலை அவன் முழுமையாகப் படித்தவனும் அல்லன். எள்ளுவோனின் வர்க்க மேட்டிமையும் இவ்வாறு எள்ளலுக்குள் கொண்டுவரப்படுகிறது. மறதி நோயுற்ற தாயைப் பேணப் பணம் வேண்டும் என்பதால் போலிக் கதையை அவன் திரும்பப் பெறவும் இயலவில்லை.

வாங்குவோரும் விற்போரும்

நான்கு படங்களையும் ஒருசேர நோக்கும்போது ஒரு பொது அமைப்புப் புலனாகிறது. எது விற்பனைக்குரியது என்பதை இனம் தீர்மானிக்கிறது. யார் விற்க நேர்கிறது, யார் வாங்க இயல்கிறது என்பதை வர்க்கம் தீர்மானிக்கிறது. மன்ரேயும் வோமாக்கும் வீடற்றோர். கேஷியஸ் வாடகை பாக்கி உடையவன். மங்க் நடுத்தர வர்க்கத்தினன் ஆயினும் மருத்துவச் செலவின் முன் நிற்பவன். ஒவ்வொருவரின் தேவையும் வேறு. சந்தையின் வாயில் ஒன்றே. கிறிஸ் மட்டும் எதையும் விற்க முன்வரவில்லை. அவனுடையது பறிக்கப்படுகிறது. ஏனைய மூன்று படங்களில் விருப்பம் போலத் தோன்றும் விற்பனை, தன் வரலாற்று வேரில் கட்டாயப் பறிப்பே என்பதை 'கெட் அவுட்' அடித்தளமாக நின்று உணர்த்துகிறது.

இடைத்தரகர்களும் இவ்வமைப்பில் முக்கியமானோர். டெலக்ரோயா தன் இனத்தவரின் முகத்தை நிறுவனத்திற்கு விற்றுக் கொடுக்கிறான். கிறிஸின் காதலி ரோஸ், காதலின் பெயரால் உடல்களைத் திரட்டித் தருகிறாள். மங்கின் இலக்கிய முகவர் ஒரே நிறுவனத்தின் மூன்று தர மதுப்புட்டிகளைக் காட்டி, மக்கள் மிகுதியாக வாங்குவது மலிவானதையே என்று விளக்குகிறார். புகழ்ச்சியைப் பணமாகவும் பணத்தைப் புகழ்ச்சியாகவும் மாற்றுவது இவர்கள் தொழில். இவர்களை முற்றிலும் தீயோராகக் காட்டாமல், அவ்வமைப்பின் இயல்பான உறுப்புகளாகக் காட்டுவது, 'ரோஸ்' நீங்கலாக, இப்படங்களின் பொதுப்பண்பு.

அங்கதமே பண்டமாகும்போது

இழிவைக் காட்டாமல் எள்ள இயலாது. காட்டப்பட்ட இழிவை எல்லாரும் எள்ளலாகவே கொள்வர் என்பதற்கும் உறுதியில்லை. நகைச்சுவைக் கலைஞர் டேவ் சாப்பெல் 2005இல் பெரும்பணம் தரும் தம் தொலைக்காட்சி நிகழ்ச்சியிலிருந்து விலகினார். கரி முக வேடத்தை எள்ளிய ஒரு பகுதியின் பதிவின்போது வெள்ளையர் ஒருவர் சிரித்த சிரிப்பு, தம்மோடு சேர்ந்த சிரிப்பாகத் தமக்குத் தோன்றவில்லை என்பதைப் பின்னர் அவர் விளக்கினார். 'பாம்பூசில்டு' கற்பனையில் எழுப்பிய வினா ஐந்தாண்டுகளில் ஒரு கலைஞரின் வாழ்வில் எழுந்தது.

சந்தை இப்படங்களை நடத்திய முறையும் இதனோடு எண்ணத்தக்கது. 'பாம்பூசில்டு' வெளியானபோது வணிகத் தோல்வியுற்றது. 2023இல் அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. ஏறத்தாழ 45 இலட்சம் டாலர் செலவில் உருவான 'கெட் அவுட்' உலகெங்கும் 25 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது. அதன் திரைக்கதைக்குப் பீல் ஆஸ்கர் பெற்றார்; அசல் திரைக்கதைப் பிரிவில் அவ்விருதை வென்ற முதல் கறுப்பினத்தவர் அவரே. அதே படத்தைக் கோல்டன் குளோப் விருதுக்கு நகைச்சுவை அல்லது இசைப்படப் பிரிவில் சேர்த்தது விவாதத்திற்கு உள்ளாயிற்று. 'அமெரிக்கன் ஃபிக்‌ஷன்' படமும் 2024இல் தழுவல் திரைக்கதைக்கான ஆஸ்கர் பெற்றது. பாராட்டை எள்ளிய படங்கள் பாராட்டப்பட்டன. இதனை அங்கதத்தின் வெற்றி என்பதா, அதன் தோல்வி என்பதா?

விடையை இயக்குநர்கள் தம் படங்களின் முடிவுகளில் தேடியுள்ளனர். ஸ்பைக் லீ தம் கதையை நிறுத்திவிட்டு, பழைய திரைப்படங்களிலும் கேலிச்சித்திரப் படங்களிலும் கறுப்பர் சித்திரிக்கப்பட்ட உண்மைக் காட்சிகளைத் தொடர்ந்து காட்டுகிறார். எள்ளல் கற்பனை, எள்ளப்பட்டது வரலாறு என்பதை எவரும் மறுக்கவியலாதவாறு செய்கிறார். 'கெட் அவுட்' முடிவில் காவல் ஊர்தியின் விளக்கொளி தெரிந்ததும் கிறிஸ் கைகளை உயர்த்துகிறான்; பார்வையாளர் அஞ்சுகின்றனர். வந்தவன் விமான நிலையப் பாதுகாப்புப் பணியில் உள்ள அவன் நண்பனே. கிறிஸ் சிறைப்படுவதாக முதலில் எடுக்கப்பட்ட முடிவு கைவிடப்பட்டது. ஆனால் அந்தச் சில நொடி அச்சத்தில் அம்முடிவு பார்வையாளர் மனத்திலேயே அரங்கேறிவிடுகிறது. தப்பிய ஒருவன் காவலரைக் கண்டு ஏன் அஞ்ச வேண்டும் என்று எவரும் கேட்பதில்லை. அனைவரும் விடை அறிவர். ஜெஃபர்சனோ பல முடிவுகளை அடுக்குகிறார். அவற்றுள் மங்க் காவலரால் சுடப்படும் முடிவையே திரைப்படத் தயாரிப்பாளர் விரும்பி ஏற்கிறார். தம் படமும் அச்சந்தையில்தான் நிற்கிறது என்பதை இயக்குநர் மறைக்கவில்லை.

முடிவுரை

இவ்வாய்வின் வழி அறியலாகும் கருத்துகள் வருமாறு:

• ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட படங்களின் அங்கதம் வெளிப்படையான வெறுப்பைக் காட்டிலும், தன்னை நட்பாகக் கருதும் பாராட்டையே இலக்காகக் கொள்கிறது. ஆகவே செம்பொருளைவிடப் பழிகரப்பே இவற்றின் முதன்மை முறையாக அமைகிறது.

• முகம், உடல், குரல், கதை என்னும் நான்கும் கறுப்பினத்தவரிடமிருந்து பிரிக்கப்பட்டுப் பண்டமாகின்றன. இப்பிரிப்பை இனம் தொடங்கிவைக்க, வர்க்கம் நிறைவேற்றுகிறது.

• மின்ஸ்ட்ரல் கூத்திலிருந்து பரிசு நடுவர் குழு வரை, சிரிக்கவும் வியக்கவும் தீர்மானிக்கவும் உரிமை பெற்றோர் மாறவில்லை. அவர்களின் மொழி மட்டும் நயமுற்றிருக்கிறது.

• அங்கதம் சந்தைக்கு வெளியே நின்று பேச இயலாது. தான் நிற்கும் இடத்தை மறைக்காமல் காட்டும்போதே அது நம்பத்தக்கதாகிறது.

ஒளவையாரின் புகழ்ச்சியைக் கேட்ட தொண்டைமான் அதனைப் புகழாகவே கொண்டானா, பழியென உணர்ந்தானா என்பதைப் பாடல் கூறவில்லை. பழிகரப்பின் ஆற்றலும் இடரும் அங்கேயே உள்ளன. கேட்பவர் உணராவிடில் அது வெறும் புகழ்ச்சியாகி நின்றுவிடும். இப்படங்களைக் கண்டு மகிழ்ந்து கைதட்டும் அரங்கிற்கும் இது பொருந்தும். சிரித்து முடித்தபின் தாம் எதற்குச் சிரித்தோம் என்னும் உறுத்தல் எஞ்சுமாயின் அங்கதம் தன் வேலையைச் செய்திருக்கிறது. எஞ்சாவிடில், ஓசையின்றி உயர்த்தப்பட்ட பிங்கோ அட்டைகளுள் அக்கைதட்டலும் ஒன்றே.